பலகையா, புள்ளி எழுத்தா: பிள்ளைக்கு எழுத்துப் பழக்க எதை எடுக்கலாம்?

போன மாதம் எங்கள் தெருவில் தறி ஓட்டுபவர் வீட்டுப் பெண் ஒரு பை நிறையச் சாமான்களோடு வந்தாள். சின்னக்கடை வீதியில் வாங்கியதாம். புள்ளி எழுத்துப் புத்தகம் மூன்று, மார்க்கரில் எழுதி அழிக்கிற வெள்ளைப் பலகை ஒன்று. போனில் எழுத்து சொல்லிக்கொடுக்கும் ஆப்பும் ஏற்றி வைத்திருந்தாள். "அக்கா, பையன் யுகேஜி போறான். இதுல எதை மொதல்ல ஆரம்பிக்கட்டும்? இல்ல, லீவுல கையெழுத்து கிளாஸ்ல சேர்த்து விட்டுடட்டுமா?" என்றாள்.

நின்றவாக்கில் சொல்லி முடிக்கிற பதில் இல்லை அது. சேலம் அம்மாபேட்டையில் மாலை நேரத்தில் சின்னப் பிள்ளைகளை உட்கார வைத்துச் சொல்லிக்கொடுக்கிறேன். இதே கேள்வி வருஷா வருஷம் ஜூன் மாதம் வருகிறது. அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

எதை வாங்குவது என்பதற்கு முன்னால், எதை வைத்துத் தரம் பார்ப்பது என்று தெரிய வேண்டும். என்னிடம் வந்த மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன்தான் எனக்கு அதைத் தெளிய வைத்தான். அவன் நோட்டைத் திறந்தால் அச்சடித்த மாதிரி இருக்கும். பக்கத்துக்குப் பக்கம் 'நன்று' போட்டிருந்தார்கள். ஆனால் "சொல்வதை எழுது" என்றால் இரண்டாவது வரியிலேயே பின்தங்கி அழுதுவிடுவான். ஒரு நாள் நோட்டை விட்டுவிட்டு அவன் கையை மட்டும் பார்த்தேன். 'ப' எழுதும்போது வலப்பக்க உச்சியில் தொடங்கினான். கீழே இறங்கி, இடப்பக்கம் வந்து, மேலே ஏறி முடித்தான். அடுத்து 'ட'. அடிக்கோட்டின் வலது முனையில் தொடங்கி இடப்பக்கம் வந்து மேலே ஏறினான். 'ம'வை இரண்டு துண்டாகப் போட்டு ஒட்டவைத்தான். எழுதி முடித்த பிறகு பார்த்தால் எந்தக் குறையும் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் 'படம்' என்ற ஒரு சொல்லுக்குள் அவன் பென்சில் முன்னும் பின்னுமாக அலைந்து கொண்டே இருந்தது.

தமிழ் எழுத்து இடமிருந்து வலம் ஓடுவது. 'ப'வை இடது உச்சியில் தொடங்கி, இறங்கி, வலம் போய், ஏறினால் பென்சில் வலது உச்சியில் வந்து நிற்கும். அடுத்த எழுத்து அங்கேயே பக்கத்தில் காத்திருக்கும். தலைகீழாகப் பழகியவன் ஒவ்வொரு எழுத்துக்கும் இடப்பக்கம் போய்விட்டு, மறுபடி வலப்பக்கம் தாவ வேண்டும். ஒன்றாம் வகுப்பில் இது தெரியாது. வேகம் கேட்கிற வகுப்பு வரும்போது தெரியும். அப்போது கை ஊறிப்போயிருக்கும். மாற்ற மாதக்கணக்கில் ஆகும். அந்தப் பையனுக்கு ஆறு மாதம் ஆனது.

ஆகவே எங்கே தொடங்குவது, எந்தப் பக்கம் போவது, எங்கே நிறுத்துவது என்ற மூன்றையும் பிள்ளையின் கைக்குள் எது இறக்குகிறதோ அதுதான் நல்ல வழி. அழகு பிறகு வரட்டும்.

புள்ளி எழுத்துப் புத்தகத்தை முதலில் எடுக்கிறேன். எல்லோர் வீட்டிலும் இருப்பது அதுதான். என் மகளும் அதில்தான் தொடங்கினாள். மூன்றரை வயதில் சேர்த்த நர்சரியில் தினமும் நான்கு பக்கம் வீட்டுப்பாடம் வரும். நானும் சமையல் வேலையோடு வேலையாக "புள்ளி மேலயே போ கண்ணு" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவேன். அவள் 'அ'வின் வலப்பக்க நெட்டுக்கோட்டை முதலில் இழுத்து, அங்கிருந்து பின்னோக்கிச் சுற்றிக்கொண்டு வந்து சுழியில் முடித்திருக்கிறாள். 'அ' எழுத்தின் வழி அதற்கு நேர் எதிர்; சுழியில் பிறந்து நெட்டுக்கோட்டில் முடிய வேண்டியது. புத்தகம் முழுக்கப் புள்ளி பிசகாமல் போட்டிருந்ததால் ஆசிரியையும் கவனிக்கவில்லை, நானும் கவனிக்கவில்லை. இரண்டாம் வகுப்பில்தான் அகப்பட்டது. அந்த வருத்தம் இன்னும் எனக்கு உண்டு.

புள்ளிக்குத் திசை கிடையாது, அதுதான் சிக்கல். அம்புக்குறியும் 1, 2, 3 என்று எண்ணும் போட்ட புத்தகங்கள் வருகின்றன, உண்மைதான். ஆனால் நான்கு வயதுப் பிள்ளைக்கு அம்புக்குறியைப் படித்து அதன்படி கையைத் திருப்புவது எழுத்தைவிடப் பெரிய பாடம். கண் அடுத்த புள்ளியைத் தேடுவதிலேயே போய்விடும். எழுத்தின் மொத்த உருவம் மனசில் ஏறாது. புத்தகத்தை மூடிவிட்டு "இப்ப நீயே ஒரு இ போடு சாமி" என்றால் திகைத்து நிற்கிற பிள்ளைகளை எத்தனையோ பார்த்திருக்கிறேன்.

இதற்கு ஆராய்ச்சித் துணையும் உண்டு. அமெரிக்காவில் இண்டியானா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த காரின் ஜேம்ஸ் 2012-ல் வெளியிட்ட ஆய்வில், இன்னும் படிக்கத் தெரியாத ஐந்து வயதுப் பிள்ளைகள் எழுத்துகளை மூன்று விதமாகப் பழகினார்கள்: பார்த்துத் தாங்களாக எழுதியும், கோட்டின் மேலேயே இழுத்தும், விசைப்பலகையில் தட்டியும். பிறகு அந்த எழுத்துகளைக் காட்டி மூளையை ஸ்கேன் செய்தார்கள். படிக்கும்போது வேலை செய்கிற மூளைப் பகுதிகள், பிள்ளைகள் தாங்களாக எழுதிப் பழகிய எழுத்துகளுக்குத்தான் சுறுசுறுப்பாயின. மேலே இழுத்ததற்கும் தட்டியதற்கும் அப்படி ஆகவில்லை. ஆங்கில எழுத்தை வைத்துச் செய்ததுதான். ஆனாலும் என் திண்ணையில் தமிழில் நான் காண்பதோடு ஒத்துப்போகிறது.

கோலத்தை நினைத்துப் பாருங்கள். சிக்குக் கோலம் போடத் தெரிந்த எந்தப் பெண்ணும் அச்சடித்த கோலத்தின் மேல் மாவை இழுத்துப் பழகியவள் இல்லை. விடியற்காலையில் அம்மாவோ பாட்டியோ குனிந்து போடுவதைப் பக்கத்தில் நின்று பார்த்திருப்பாள். எந்தப் புள்ளியில் கை இறங்கியது, எங்கே வளைந்தது, எப்படி வந்து முட்டியது என்று பார்த்துப் பார்த்து, பிறகு தானே ஒரு ஓரத்தில் தப்பும் தவறுமாகப் போட்டிருப்பாள். எழுத்தும் அப்படித்தான் கைமாற வேண்டும்.

புள்ளிப் புத்தகத்தை அடியோடு ஒதுக்கவும் மாட்டேன். திசை படிந்துவிட்ட பிள்ளைக்கு, எழுத்தின் உயர அகலத்தைச் சீர்படுத்த அது உதவும். ஒரு எழுத்துக்கு முதல் இரண்டு புள்ளி எழுத்து, மீதி வரி வெறுமையாக இருக்கிற புத்தகமாகப் பார்த்து வாங்குங்கள். வரி முழுக்கப் புள்ளியாக இருப்பது வேண்டாம்.

இனி பலகையும் மணலும். திண்ணைப் பள்ளிக்கூடத்தில் நம் முன்னோர் விரலால் மணலில் எழுதிப் பழகியது வறுமையால் மட்டும் என்று நினைக்கிறவர்கள் உண்டு. 1790-களில் சென்னை எழும்பூரில் அநாதைப் பிள்ளைகளின் விடுதியைப் பார்த்துக்கொண்டிருந்த ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், நம் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் படிப்பதைக் கண்டு, அதையே தன் விடுதியிலும் கொண்டுவந்தார். 1797-ல் லண்டனில் அதைப் பற்றிப் புத்தகமும் போட்டார். 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் இங்கிலாந்துப் பள்ளிகளுக்கே அது போனது. இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி செய்த உப்புத்தாள் எழுத்துகளும் விரல் நுனியால் தடவித் தடவி எழுத்தின் வழியை உணர்வதற்குத்தான். மாண்டிசோரி 1939-ல் சென்னை அடையாறுக்கு வந்தவர். போர்க்காலத்தில் கொடைக்கானலிலும் இருந்தவர்.

விரலுக்கும் எழுத்துக்கும் நடுவில் பென்சில் இல்லாததுதான் மணலின் பெரிய நன்மை. நான்கு வயதில் மூன்று விரலால் பென்சிலைப் பிடிப்பதே ஒரு வேலை. எழுத்தின் வழி இன்னொரு வேலை. இரண்டையும் ஒரே நாளில் தலையில் ஏற்றக் கூடாது. மணல் கிடைக்காவிட்டால் எவர்சில்வர் தாம்பாளத்தில் கோலமாவை மெல்லிசாகப் பரப்பிக்கொள்ளுங்கள். எங்கள் ஊரில் மரவள்ளி மாவுக்குப் பஞ்சமில்லை. அது இன்னும் நன்றாக இருக்கும். விரல் போன வழியில் தட்டு பளிச்சென்று தெரியும், பிள்ளை அதற்கே குதிக்கும். ஜவ்வரிசியிலும் ஒருமுறை செய்து பார்த்தேன். மணி உருண்டு கோட்டை மூடிக்கொள்கிறது. சரிப்படாது.

ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் என் சித்தி வீடு. தை மாதம் போனால் களத்தில் காப்பிப் பழம் காயும். அந்த வீட்டுச் சின்னப் பெண், ஓரத்துப் புழுதியில் குச்சியை வைத்து 'ட ட ட ட' என்று களத்தின் நீளத்துக்கும் எழுதிக்கொண்டே நடந்தாள். தோளிலிருந்து கை முழுவதும் அசைந்தது. பெரிதாக எழுதும்போதுதான் திசை உடம்பில் தங்கும் என்பதை அன்று நேரில் பார்த்தேன். மலையில் இன்னொரு தொந்தரவும் இருக்கிறது. மழை மாதங்களில் மஞ்சு இறங்கினால் நோட்டுத்தாள் பதமாகிவிடும். பென்சில் ஓடாது, ரப்பர் போட்டால் கிழியும். அங்கே முதல் வருஷத்துக்குக் காகிதம் ஆகவே ஆகாது.

விரலில் வழி தெரிந்த பிறகு சிலேட்டு. கடையில் மூன்று வகை கிடைக்கிறது: மரச்சட்டம் போட்ட கல் சிலேட்டு, பிளாஸ்டிக் சிலேட்டு, மார்க்கர் வெள்ளைப் பலகை. கல் சிலேட்டு கிடைத்தால் அதையே வாங்குங்கள். பல்பம் கல்லில் உரசும்போது ஒரு பிடிப்பு இருக்கும். கை தன் வேகத்தைத் தானே அடக்கிக்கொள்ளும். வெள்ளைப் பலகையில் மார்க்கர் வழுக்கிக்கொண்டு ஓடும், 'ப'வின் மூலை எல்லாம் உருண்டுவிடும். மார்க்கரும் பருமன், பிள்ளை அதை முஷ்டியில்தான் பிடிக்கும். பல்பத்தைப் பெரியவர் விரல் நீளத்தில் பாதியாக ஒடித்துக் கொடுத்தால், முஷ்டியில் பிடிக்க வழியே இருக்காது. மூன்று விரல் தானாகக் கூடும். தொலைந்துபோகும், வாயிலும் வைப்பார்கள், ஆகவே பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும். எச்சில் தொட்டு அழிப்பதையும் முதல் நாளே தடுத்து, ஒரு ஈரத்துணியைச் சட்டத்தில் கட்டிவிடுங்கள். சிலேட்டில் வரி இருக்காது என்பது ஒரு குறைதான். நான் ஆணியால் குறுக்கே இரண்டு கோடு கீறி வைத்திருக்கிறேன்.

சிலேட்டின் பெரிய குறை வேறு. சாயந்திரம் அப்பா வந்து "இன்னிக்கு என்ன எழுதின?" என்று கேட்டால் காட்ட ஒன்றும் இருக்காது. பக்கம் பக்கமாக நிரம்பிய நோட்டைப் பார்த்தால்தான் பணம் கட்டியதற்குப் பலன் என்று நினைக்கிற பெற்றோர் இருக்கிறார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் அந்த நிரம்பிய பக்கத்துக்காகத்தான் பள்ளிகளும் புள்ளிப் புத்தகத்தைத் திணிக்கின்றன. பிழையாகப் போட்ட எழுத்து நோட்டில் அப்படியே இருந்து உறுத்தும். சிலேட்டில் துடைத்துவிட்டு நூறு தடவையும் முயலலாம். ஐந்து வயதில் அந்தத் துணிச்சல் பெரிது.

போன் ஆப்பைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. தவறான இடத்தில் தொடங்கினால் ஏற்காமல் நிறுத்துகிற ஆப் சில உண்டு, அந்த அளவில் நல்லது. கண்ணாடியில் விரலுக்கு உரசல் கிடையாது. எழுத்து வந்ததும் பூ விழுகிறது, கைதட்டல் கேட்கிறது, பிள்ளை அதற்காக எழுதுகிறது. பேருந்துப் பயணத்தில் பத்து நிமிஷம் போதும்.

விடுமுறைக் கையெழுத்து வகுப்பு எட்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்கு. ஏற்கெனவே எழுதத் தெரிந்தவர்களின் சாய்வு, இடைவெளி, அளவு ஆகியவற்றை அங்கே சீர்செய்வார்கள். முப்பது பேர் உட்கார்ந்திருக்கும் இடத்தில் ஒரு யுகேஜி பிள்ளையின் கை எங்கே தொடங்குகிறது என்று யார் பார்ப்பார்கள்? அந்தக் காசுக்கு வேறு ஏதாவது செய்யலாம்.

பொருளைவிட அதிக சண்டை நடப்பது வரிசையில்தான். முதலில் 'அ'வா, 'ட'வா?

நான் 'ட' கட்சி. காரணம் கையில் இருக்கிறது. உயிரெழுத்து பன்னிரண்டிலும் அ-ஆ, உ-ஊ, எ-ஏ, ஒ-ஓ போன்ற ஜோடிகளை விட்டால் ஒன்றின் அசைவு இன்னொன்றுக்கு உதவாது. 'அ' முடிந்ததும் வரும் 'இ'யைப் பாருங்கள். பெரியவர்களே மெதுவாகப் போட்டால்தான் சரியாக வரும், அத்தனை சுழிப்பு. அடுத்து 'ஈ' முழுக்க வேறு சாதி. இந்த வரிசையில் பிள்ளை ஒவ்வொரு நாளும் புதிதாகத் தோற்கிறது.

'ட' எழுதுவது மேலிருந்து கீழ், பிறகு வலம். அவ்வளவுதான். அதோடு ஒரு ஏற்றம் சேர்ந்தால் 'ப'. ஏறிய கோட்டை உள்பக்கமாக வளைத்து இறக்கினால் 'ம'. 'ம'வுக்குக் கீழே வால் விட்டால் 'ழ'. ஒன்றின் தோளில் ஒன்று ஏறி நிற்கிறது. பிறகு க, ச, த என்று ஒரு சாடையான எழுத்துகள். அடுத்து சுழியில் தொடங்கும் கூட்டம்: வ, ல, ள, ன, ண. ரெண்டு சுழி, மூணு சுழி என்று சொல்லியே எழுத வைக்கலாம். இதற்குள் சுழியும் வளைவும் கைக்கு வந்திருக்கும். அப்போது 'அ'வும் 'இ'யும் ஒரு வாரத்தில் முடிந்துவிடும்.

இது புதுமையும் இல்லை. 1990-களில் ஊர் ஊராக அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கம் நடந்தபோது, பெரியவர்களுக்கான முதல் பாடம் 'பட்டா', 'படி' என்றுதான் தொடங்கியது. எழுத எளிது, வாழ்க்கைக்கும் நெருக்கம்.

"அகர முதல எழுத்தெல்லாம்னு வள்ளுவரே சொல்லியிருக்காரே, 'அ'வை விட்டுட்டு எப்படி?" என்று ஒரு தாத்தா என்னிடம் வருத்தப்பட்டார். அவர் வருத்தம் நியாயமானது. அகரவரிசை ஒலிகளின் வரிசை. அதை வாய் பாடட்டும், தினமும் ராகம் போட்டுப் பாடட்டும். விஜயதசமியன்று பேரனை மடியில் வைத்து, பச்சரிசியில் விரல் பிடித்து 'அ' எழுத வைப்பதையும் விட வேண்டாம். சிலேட்டில் தினப்பழக்கம் மட்டும் 'ட'வில் தொடங்கட்டும். பக்கத்தின் தலையில் பிள்ளையார் சுழி போடச் சொல்லுங்கள். அந்த 'உ'வில் ஒரு சுழி, ஒரு வளைவு, வலப்பக்கம் ஓடும் ஒரு கோடு எல்லாம் இருக்கின்றன. கை சூடாக அதைவிடச் சிறந்த பயிற்சி எனக்குத் தெரியாது.

தாத்தா பாட்டி சொல்லிக்கொடுக்கும் வீடுகளில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தை எம்.ஜி.ஆர். அரசு 1978-ல் நடைமுறைக்குக் கொண்டுவந்தபோது ணா, றா, னா, ணை, லை, ளை, னை முதலான 13 எழுத்துகளின் வடிவம் மாறியது. அதற்கு முன் படித்தவர்கள் கை இன்றும் பழைய வளைவையே போடும். கேலி செய்ய வேண்டாம், அது அழகான எழுத்து. ஆனால் பள்ளியில் தப்பு என்று கோடு விழும். அந்த எழுத்துகள் வரும் நாளில் மட்டும் நீங்கள் பக்கத்தில் உட்காருங்கள்.

இடதுகைப் பிள்ளைகளை வலதுக்கு மாற்றாதீர்கள். அவர்களுக்கு எதிரில் உட்கார்ந்து உங்கள் வலது கையால் எழுதிக் காட்டினால், கண்ணாடியில் பார்ப்பது போலக் கை அவர்களுக்கு ஒத்துவரும். எழுத்து மட்டும் தலைகீழாகத் தெரியும் என்பதால், சிலேட்டில் அவர்கள் பக்கத்திலிருந்து ஒருமுறை எழுதிக் காட்டுங்கள். சிலேட்டை வலப்பக்கம் சற்றுச் சாய்த்து வைத்தால் மணிக்கட்டு மடங்காது.

அந்தப் பெண்ணுக்கு நான் சொன்னது இது. புத்தகம் மூன்றையும் பரணில் போடு. ஆப் இருந்துவிட்டுப் போகட்டும். தாம்பாளமும் மாவும் ஒரு மாதம், கல் சிலேட்டும் ஒடித்த பல்பமும் ஐந்து மாதம். நாளைக்குக் கால் மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், ஆனால் அந்தக் கால் மணி நேரமும் நீ பக்கத்தில் உட்கார வேண்டும். ஒவ்வொரு எழுத்தையும் மெதுவாக, வாயால் சொல்லிக்கொண்டே போட்டுக் காட்டு: "மேலேர்ந்து கீழே, அப்படியே வலப்பக்கம்." பிறகு அழித்துவிட்டு அவனைப் போடச் சொல். எழுத்தைப் பார்க்காதே, கையைப் பார். தை பிறந்ததும் இரட்டை வரி நோட்டும் பென்சிலும் வாங்கலாம். 'ழ', 'ற' வால்கள் கீழ்க்கோட்டைத் தாண்டி இறங்கலாம் என்று அப்போது காட்டிக்கொடு. பரணிலிருந்து புள்ளிப் புத்தகத்தையும் அன்றைக்கு இறக்கலாம்.

"தறி ஓடற வீட்ல கால் மணி நேரம் எங்கக்கா கெடைக்கும்?" என்றாள். தறிக்குத் தாரில் நூல் சுற்றுகிற நேரத்தில் அவனைப் பக்கத்தில் உட்கார வை, வாயால் சொல், கண் அவன் கையில் இருக்கட்டும் என்றேன். அப்படித்தான் இப்போது நடக்கிறது.

நேற்று அந்தப் பையன் சிலேட்டைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தான். ட, ப, ம, ழ நான்கும் முடிந்து, துணைக்காலும் புள்ளியும் போன வாரம்தான் கற்றுக்கொடுத்திருந்தாள். 'மாம்பழம்' என்று எழுதியிருந்தான். யாரும் சொல்லித்தராத சொல். அவனுக்குத் தெரிந்த எழுத்துகளுக்குள்ளேயே அது இருந்திருக்கிறது. 'ழ'வின் வால் கொஞ்சம் நீளமாகிச் சட்டத்தில் இடித்திருந்தது. துடைக்கச் சொல்லி, என் முன்னால் மறுபடி எழுதச் சொன்னேன். ஐந்து எழுத்தையும் இடது உச்சியில்தான் தொடங்கினான்.